திருகோணமலை மணல் வளவில் பன்னீர் மரம் வளர்ப்பது எப்படி

பன்னீர் என்றதும் பலருக்கு நினைவு வருவது கல்யாண வீட்டு வாசலில் செம்பால் தெளிப்பார்களே, அதுதான். அப்புறம் பன்னீர் ரோசா. இந்தக் காலத்துப் பிள்ளைகளைக் கேட்டால் கடையில் விற்கும் பாற்கட்டி என்பார்கள். நான் சொல்லப்போவது வேறு. திருச்செந்தூர் போய் வந்தவர்கள் காய்ந்த இலை ஒன்றுக்குள் மடித்த விபூதியைக் கொண்டுவந்து தந்திருப்பார்கள். அந்த இலையின் மரம்தான் இது. முருகனின் 12 கைகளைப் போல இலையில் 12 நரம்பு இருப்பதால் ‘பன்னிரு இலை’ என்றிருந்து ‘பன்னீர் இலை’ ஆனதாக ஒரு கதை உண்டு. என் மரத்து இலைகளில் எண்ணிப் பார்த்தேன். சிலதில் 12 இருந்தது, சிலதில் கூடக்குறைய. கதை கதையாகவே இருக்கட்டும்.

உப்புவெளியில் எங்கள் வளவு கடலுக்குக் கூப்பிடு தூரம். தோண்டினால் இடுப்பளவு ஆழத்துக்கு மணல்தான். வைகாசி பிறந்தால் கச்சான் அடிக்கத் தொடங்கும் (காற்றைச் சொல்கிறேன், வறுத்துத் தின்னும் கச்சானை அல்ல). ஆவணி முடியும்வரை செம்பரத்தை கூட இலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும். மலையகத்திலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த ரோசாக்கள் ஒரு கோடை தாண்டவில்லை. அதற்குப் பிறகுதான், இந்தக் கரைக்கே உரிய மரம் ஒன்றை வைத்தால் என்ன என்று தோன்றியது. பன்னீர் இலங்கைக் கரையோரத்தில் இயல்பாக வளர்வது. உப்புக்காற்றும் மணலும் வெயிலும் அதற்குப் புதிதில்லை. பூவும் மணக்கும், சும்மா இல்லை, தெருவால் போகிறவர் நின்று கேட்கிற அளவுக்கு மணக்கும்.

ஆனால் அவசரக்காரருக்கு இது ஒத்துவராது. விதையிலிருந்து வளர்த்தால் பூப் பார்க்க நாலைந்து வருடம் ஆகலாம். பூக்கத் தொடங்கிய பிறகும் பகலில் ஒன்றும் தெரியாது, பொழுது சாய்ந்த பிறகுதான் மொட்டு விரியும். இதற்குச் சம்மதம் என்றால் தொடர்ந்து வாசியுங்கள்.

முதலில், சரியான மரம்தானா என்று பாருங்கள்

இந்த இடத்தில்தான் நான் முதலில் ஏமாந்தேன். ஒரு நாற்றுமேடையில் ‘பன்னீர் இருக்கா’ என்று கேட்டேன், இருக்கிறது என்று எடுத்துத் தந்தார்கள். இரண்டு வருடத்தில் அது கூரைக்கு மேலே போய்விட்டது. இலை வேப்பிலை மாதிரிப் பிரிந்து பிரிந்து இருந்தது. வந்து பார்த்தவர் ஒருவர் ‘இது மரமல்லி’ என்றார். மரமல்லியையும் சிலர் பன்னீர்ப்பூ என்று சொல்வதுண்டு, ஆகவே விற்றவர்மேல் முழுப் பிழையையும் போட முடியாது. அதுவும் வெள்ளைப் பூ, அதுவும் இரவில் மணக்கும். ஆனால் அது உயர்ந்து போகிற பெரிய மரம், கடற்கரைக்கு உரியதும் இல்லை.

தாவரவியலில் நம்முடைய பன்னீருக்குப் பெயர் கெட்டார்டா ஸ்பெசியோசா. 1753இல் லின்னேயஸ் வைத்தது. காப்பியும் வெட்சியும் சேர்ந்த குடும்பம். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரை கடலோரங்களில் வளர்கிறது. அது எப்படி அவ்வளவு தூரம் பரவியது என்பதற்கு அதன் காயே பதில். கடலில் மிதக்கும்.

அடையாளம் இப்படிப் பாருங்கள். இலைகள் சோடி சோடியாக, எதிரெதிரே இருக்கும். ஒவ்வொன்றும் விரித்த கையை விடப் பெரிது, 15 முதல் 25 சென்ரிமீற்றர் நீளம். காம்புப் பக்கம் இலேசாக இதயவடிவில் உள்வாங்கியிருக்கும். மேற்புறம் வழவழப்பு. திருப்பிப் பிடித்துக் கீழ்ப்புறத்தை விரலால் தடவினால் நரம்புகள் கயிறு மாதிரிப் புடைத்துத் தட்டுப்படும், இடையில் மென்மையான பூனைமயிர் இருக்கும். கிளை நுனியில் இரண்டு காம்புகளுக்கும் நடுவே சின்ன முக்கோணச் செதில் ஒன்று இருந்தால் இன்னும் உறுதி. கடற்கரை வாதுமைக் கன்றை இதோடு குழப்புகிறவர்கள் உண்டு. வாதுமையின் இலைகள் கிளை நுனியில் கும்பலாக நிற்கும், சோடியாக எதிரெதிரே நிற்காது. அந்த ஒரு வித்தியாசம் போதும்.

பூ வெள்ளை. ஒரு அங்குலத்துக்கு மேல் நீளமான குழல், அதன் முனையில் 4 முதல் 9 வரை இதழ். ஒரே கொத்தில் கூட ஒரு பூவில் 6, அடுத்ததில் 8 என்று இருக்கும். மணத்தைச் சொல்லச் சொன்னால் மல்லிகையில் கொஞ்சம் கராம்பு கலந்தது மாதிரி என்பேன். என் மனைவி அப்படி இல்லை என்பாள்.

கன்று எடுப்பது

எல்லா நாற்றுமேடையிலும் இது கிடைக்காது. கிடைத்தாலும் மேலே சொன்ன இலைப் பரீட்சையைச் செய்துவிட்டு வாங்குங்கள். இல்லையென்றால் மரம் வைத்திருக்கும் யாரையாவது பிடிக்க வேண்டும். கோயில் வளவுகளிலும் பழைய வீடுகளிலும் விசாரியுங்கள். ஒரு எச்சரிக்கை: கடலோரக் காடுகளிலும், நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவிலும் எதையும் பிடுங்கவோ பொறுக்கவோ வேண்டாம். புறாத்தீவு 2003இலிருந்து தேசியப் பூங்கா. ஒரு காய் எடுத்தாலும் அது சட்டப்படி குற்றம்.

காய் பெரிய மாபிள் அளவில் உருண்டையாக இருக்கும். பச்சையாக இருப்பதைப் பறிக்காதீர்கள். தானாக விழுந்து வெளுத்துப் பழுப்பேறியதைப் பொறுக்குங்கள். வெளியே மெல்லிய சதை, உள்ளே நார், அதற்குள் மரம்போலக் கடினமான கொட்டை. கொட்டைக்குள் பல அறைகள், அறைக்கு ஒரு விதை. ஆகவே ஒரு கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை ஒன்றாக வந்தால் பயப்படாதீர்கள், திடமானதை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். கொட்டையை உடைத்து விதையை எடுக்க நான் ஒருமுறை சுத்தியலோடு உட்கார்ந்தேன். விதையும் போய் பெருவிரல் நகமும் போனது. முழுக் கொட்டையாகவே நடுவதுதான் வழி.

நான் செய்கிற முறை இது. மாசி மாதம், மழை ஓய்ந்த கையோடு, காய்களை ஒரு வாளித் தண்ணீரில் 3 நாள் ஊறப்போட்டு, நாளுக்கொரு தடவை தண்ணீரை மாற்றுவேன். ஊறிய சதையைச் சாக்கில் போட்டுத் தேய்த்துக் கழற்றிவிட்டு, ஒரு நாள் நிழலில் காயவைப்பேன். பிறகு அரைக்கரைவாசி மணலும் தும்புச்சோறும் (தேங்காய் மட்டைத் தூள்) கலந்த பெட்டியில் ஒரு அங்குல ஆழத்தில் வைத்து மூடிவிடுவேன். வெயில் படுகிற இடத்தில், ஆனால் மத்தியான வெயில் நேரே விழாதபடி ஒரு கிடுகு சாய்த்துவைக்க வேண்டும். ஈரம் காயக்கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது.

அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். எனக்கு முதல் முளை வர 2 மாதத்துக்கு மேல் ஆனது. கடைசி முளை வந்தபோது நான் அந்தப் பெட்டியில் கொத்தமல்லி போட்டிருந்தேன். அதனால் 3, 4 மாதம் பொறுக்காமல் பெட்டியைக் கவிழ்க்காதீர்கள். 10 கொட்டை போட்டால் பாதி வந்தாலே நல்லது, ஆகவே தேவைக்கு மேலே போடுங்கள்.

முளைத்து நாலு இலை வந்ததும் பொலித்தீன் பைக்கு மாற்றலாம். பை கொஞ்சம் உயரமாக இருக்கட்டும், வேர் கீழ்நோக்கி ஓடப் பார்க்கும். இந்தப் பருவத்தில் மட்டும் கிணற்றுத் தண்ணீரில் கவனம் வேண்டும். வளர்ந்த மரத்துக்கு உப்பு ஒன்றும் செய்யாது. ஆனால் எங்கள் பக்கத்துக் கிணறுகள் ஆடி ஆவணியில் உவர்த்துப்போகும், சின்னப் பைக்குள் அந்தத் தண்ணீரையே திரும்பத் திரும்ப ஊற்றினால் உப்பு அடியில் சேர்ந்து இலை ஓரம் கருகும். அந்த மாதங்களில் குழாய்த் தண்ணீர் விடுங்கள். இல்லாவிட்டால் அரிசி கழுவிய தண்ணீரை விடுங்கள், எங்கள் வீட்டில் அதுதான்.

பொறுமை இல்லாதவர்களுக்குப் பதி வைக்கும் வழி இருக்கிறது. பூத்த மரத்தில் பென்சிலை விடச் சற்றுத் தடித்த கிளையைப் பார்த்து, ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வட்டமாக உரித்து, ஈரத் தும்புச்சோற்றை உள்ளங்கையளவு வைத்து, பொலித்தீனால் சுற்றி இரு பக்கமும் இறுக்கிக் கட்ட வேண்டும். மாரி தொடங்கும்போது செய்தால் ஈரம் காயாது. வேர் பொலித்தீனுக்குள்ளே வெள்ளையாகத் தெரியும்வரை தொடாதீர்கள். நான் வைத்த 4 பதியில் 1 பிடித்தது. பிடித்தது சீக்கிரமே பூத்தது என்பது உண்மை. விதைக்கன்றுதான் காற்றில் உறுதியாக நிற்கிறது என்பதும் உண்மை.

இடம் பார்ப்பது

இதில்தான் பெரும்பாலானவர்கள் பிழை விடுகிறார்கள். வெயில் பார்ப்பார்கள், மண் பார்ப்பார்கள், இரவில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்க மாட்டார்கள். பகலில் மணக்காத மரம் இது. நீங்கள் இரவில் எங்கே உட்காருவீர்கள், எந்தச் சன்னலைத் திறந்து வைப்பீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. கச்சான் காலத்தில் காற்று தென்மேற்கிலிருந்து, வாடைக்காலத்தில் வடகிழக்கிலிருந்து. நான் மரத்தை வைத்தது விறாந்தைக்குத் தென்மேற்கே, 15 அடி தள்ளி. வைகாசி ஆனி இரவுகளில் மின்சாரம் போய் விறாந்தையில் பாய் போட்டுப் படுக்கிற நாட்களில் அந்தக் கணக்கு சரியாக இருந்தது என்று தெரிந்தது.

நாளுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். பலா, மா நிழலில் வைத்தால் வளரும், பூக்க மறுக்கும். சுவரிலிருந்து 8 அடி, மலக்குழியிலிருந்து இன்னும் கூடுதலாக விலக்கி வையுங்கள். விட்டால் 15, 20 அடிக்குப் போகக்கூடியது. வெட்டி வைத்தால் தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் அகன்ற புதராக நிற்கும்.

திருகோணமலையில் மண் இடத்துக்கு இடம் மாறும். நிலாவெளி, உப்புவெளி, கிண்ணியாக் கரை எல்லாம் மணல், பன்னீருக்கு வீட்டுக்கு வந்தது மாதிரி. கன்னியாப் பக்கம் சரளை கலந்த இறுக்கமான மண், அலவாங்கு இல்லாமல் ஆகாது, ஆனால் தண்ணீர் தேங்காத வரை பன்னீர் அதிலும் வரும். தம்பலகாமம் மாதிரி வயல் மண் என்றால்தான் பிரச்சினை. மாரியில் வேர் நீரில் நிற்கும். அங்கே ஒன்றரை அடிக்கு மேடு போட்டு அதன் மேலே நடுங்கள், இல்லாவிட்டால் முயலாமல் இருப்பது நல்லது.

நடுவது: ஐப்பசி, கார்த்திகை

ஊரில் மழையின் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து தை வரைதான். முதல் இரண்டு நல்ல மழை விழுந்து, மண் ஒரு சாண் ஆழத்துக்கு நனைந்த பிறகு நடுங்கள். அந்த 3 மாதத்தில் வேர் எவ்வளவு கீழே போகிறதோ அதுதான் அடுத்த கோடைக்கு முதலீடு. சித்திரைப் புத்தாண்டுக்கு ஆசையாக மரம் நடுகிறவர்கள் உண்டு. நட்டு ஒரு மாதத்தில் கச்சான் வரும் என்பதை நினைத்துக்கொண்டு நடட்டும்.

கிடங்கு 2 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழம். மணல் வளவு என்றால் அடியில் ஊறவைத்த பொச்சுமட்டையை, குழிந்த உட்பக்கம் மேலே பார்க்கும்படி, ஒரு வரிசை அடுக்குங்கள். தென்னைக்குச் செய்கிற வேலைதான். மட்டை தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதன் மேலே தோண்டிய மண்ணோடு 2 வாளி மக்கிய மாட்டெரு கலந்து நிரப்புங்கள். ‘மக்கிய’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். பச்சைச் சாணம் சூடு, அதோடு கறையானையும் கூட்டிக்கொண்டு வரும். இறுக்கமான மண் என்றால் மட்டை தேவையில்லை, கிடங்கின் பக்கங்களை அலவாங்கால் குத்தி உடைத்துவிட்டால் போதும். வழவழப்பான பக்கம் கொண்ட கிடங்கு பானை மாதிரி, வேர் உள்ளேயே சுற்றும்.

பையை நீளத்துக்குக் கிழித்து, மண்கட்டி உடையாமல் இறக்கி, பையில் இருந்த மட்டத்துக்கே நடுங்கள். ஆழப் புதைக்காதீர்கள். சுற்றிவர ஒரு கைப்பிடி அகலத்துக்கு மிதித்து இறுக்குங்கள். இரசாயனப் பசளை எதுவும் கிடங்குக்குள் போட வேண்டாம். நான் போடுகிறதே இல்லை. கடற்கரை மணலில் தானாக வளர்கிற மரத்துக்கு மூடை கணக்கில் யூரியா எதற்கு? இலைதான் பெருக்கும்.

கம்பு நடுவதா வேண்டாமா என்று கேட்பார்கள். முதல் வருடம் நடுங்கள். 2020 மார்கழியில் புரெவிப் புயல் குச்சவெளிப் பக்கமாகக் கரைகடந்த இரவு, என்னுடைய இரண்டு கன்றில் கம்பு இல்லாத ஒன்று சாய்ந்து போய், காலையில் பார்க்கும்போது வேரின் ஒரு பக்கம் வெளியே தெரிந்தது. நிமிர்த்திக் கட்டினேன், பிழைத்தது, ஆனால் இன்றைக்கும் கடலைப் பார்த்துச் சாய்ந்தே நிற்கிறது. கட்டும்போது நைலோன் கயிறு வேண்டாம், பழைய சேலைக் கிழியலால் எட்டு என்கிற இலக்கம் மாதிரிச் சுற்றித் தளர்வாகக் கட்டுங்கள்.

முதல் இரண்டு கோடை

உண்மையான வேலை இங்கேதான். மற்றதெல்லாம் ஒரு நாள் வேலை.

முதல் கோடையில், பங்குனியிலிருந்து, மூன்று நாளைக்கு ஒருமுறை 2 வாளி. பின்னேரம் விடுங்கள். தினமும் ஒரு செம்பு ஊற்றுவதுதான் நம்மவர்களின் பழக்கம், அது செடியைக் கெடுக்கும் பழக்கம். மேலே நனைந்து மேலேயே காய்ந்து போகிற தண்ணீருக்காக வேரும் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும், கச்சான் ஒரு வாரம் ஓங்கி அடித்ததும் படுத்துவிடும். இரண்டாம் கோடையில் வாரத்துக்கு ஒருமுறை 3 வாளி. மூன்றாம் கோடையில் இலை தொங்கினால் மட்டும்.

மாறாக, கூடிப்போனாலும் கேடுதான். என் முதல் கன்றைக் கொன்றது வெயில் இல்லை, நான்தான். காலையும் மாலையும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இலை மஞ்சளானது, தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் விட்டேன். பக்கத்து வளவு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “தம்பி, உதுக்கு நெடுகத் தண்ணி விட்டா வேர் அழுகிப் போகும். நீங்க உதைக் கைக்குழந்தை மாதிரிப் பாக்கிறீங்க, உது கட்டாக்காலி மாடு மாதிரி” என்றார். பிடுங்கிப் பார்த்தேன், வேர் கறுத்துக் கொழகொழவென்று இருந்தது. ஆச்சி சொன்னது முழுக்கச் சரி.

வெளியூர் போய்வருகிறவர்களுக்கு மண்முட்டி நல்ல வழி. மெருகு போடாத, 5 அல்லது 6 லீற்றர் பிடிக்கிற முட்டி ஒன்றைக் கன்றிலிருந்து ஒரு அடி தள்ளிக் கழுத்துவரை புதையுங்கள். தண்ணீர் நிரப்பி மூடிவிடுங்கள். முட்டியின் சுவர் வழியாகவே ஈரம் கசிந்து வெளியே வரும், மண் காய்ந்தால் கூடக் கசியும், ஈரமாக இருந்தால் குறையக் கசியும். ஓட்டை போட வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். மூடியை மட்டும் மறக்க வேண்டாம், டெங்கு நுளம்பு அதற்குள் குடியேறும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் பன்னீர் மணம் என்ற விளக்கமெல்லாம் எடுபடாது.

அடியில் மூடாக்கு கட்டாயம். தென்னோலை, வேப்பஞ்சருகு, பன்னீரின் சொந்தச் சருகு எது கிடைத்தாலும் 4 அங்குலத் தடிப்புக்குப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி ஒரு சாண் வெறுமையாக விடுங்கள். தண்டோடு ஒட்டிக் குவித்தால் கறையான் அதையே பாலமாக்கிக்கொள்ளும். வேப்பஞ்சருகு இருந்தால் அதை அடியில் போடுவேன், கறையான் கொஞ்சம் தயங்குகிறது என்பது என் அனுபவம்.

கச்சான் பக்கம், அதாவது தென்மேற்கே, முதல் கோடையில் இரண்டு கம்பு நட்டு ஒரு கிடுகு கட்டிவிடுங்கள். வெயிலுக்காக அல்ல, காற்றுக்காக. இவ்வளவு பெரிய இலை பாய்மரம் மாதிரி, காற்று அதில் ஏறி அடித்துக் கிழித்துவிடும். கிழிந்த இலையைக் கண்டு நோய் என்று மருந்துக் கடைக்கு ஓடினவர்களை எனக்குத் தெரியும். ஆனி ஆடியில் அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தாலும் பயப்பட வேண்டாம். நுனிக்குருத்து பச்சையாக இருந்தால் மரம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மான், ஆடு, மாவுப்பூச்சி

வேறு ஊர்க்காரர்களுக்கு இந்தப் பகுதி சிரிப்பாக இருக்கும். திருகோணமலை நகரத்துக்குள் வீடு என்றால் உங்கள் முதல் எதிரி பூச்சி இல்லை, புள்ளிமான். பிரெட்ரிக் கோட்டைக்குள் திரிகிற கூட்டம் மட்டுமில்லை, கடற்கரை வீதி, மைதானம் என்று எங்கும் வரும். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர் அதற்கு வாழைப்பழம் கொடுத்துப் படம் எடுப்பார். அதே மான் இரவில் உங்கள் படலையைத் தாண்டி வந்து குருத்தை மட்டும் நறுக்கென்று கடித்துவிட்டுப் போகும். நகரத்துக்குள் இருக்கும் என் தங்கையின் கன்றுக்கு இரண்டு தடவை அப்படி நடந்தது. குருத்துப் போன கன்று பக்கத்தில் கிளைத்தது, பார்க்கப்போனால் புதராக்க அது உதவியாகத்தான் இருந்தது. அதற்காக மானைக் கூலிக்குப் பிடிக்க முடியாது. கன்றைச் சுற்றி 5 அடி உயரத்துக்குக் கம்பி வலை வளைத்துக் கட்டுங்கள். மான் குனிந்து நுழையும், தாவியும் வரும், ஆனால் ஒடுங்கிய வளையத்துக்குள் பாயாது. நகரத்துக்கு வெளியே இதே வலை ஆட்டுக்கும் கட்டாக்காலி மாட்டுக்கும்.

பூச்சியில் மாவுப்பூச்சிதான் தொல்லை. குருத்திலும் பூக்கொத்தின் அடியிலும் வெள்ளைப் பஞ்சு ஒட்டினது மாதிரி இருக்கும், கூடவே எறும்பு ஏறி இறங்கும். கண்டவுடன் குழாய்த் தண்ணீரை அழுத்தமாகப் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். போகாவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், அது கரைய நாலைந்து துளி சவர்க்காரத் திரவம், குலுக்கி, பின்னேரத்தில் இலையின் கீழ்ப்புறம் தெளியுங்கள். பூ விரியும் நாட்களில் எதையும் தெளிக்காதீர்கள். இந்தப் பூவைத் தேடி வருவது நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பெரிய அந்துப்பூச்சிகள். அந்தக் குழலின் அடிவரை எட்ட வேறு பூச்சிகளால் எளிதில் முடியாது. அவை வந்தால்தான் காய் பிடிக்கும்.

வெட்டிவிடுவது

கன்று இடுப்பளவு வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகள் வரும். அவையும் ஒரு முழம் வளர்ந்ததும் ஒருமுறை கிள்ளுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பூக்கொத்து கிளையின் நுனிப்பக்கத்து இலைக் கக்கங்களில்தான் வருகிறது. வேலி வெட்டுகிற கத்தரியை எடுத்துச் சுற்றிவரச் சமமாக வெட்டினால் அந்த முறை பூ அவ்வளவுதான். பிறகு வருடத்துக்கு ஒருமுறை, முதல் மழையோடு, நீண்டு போன மூன்றில் ஒரு பங்குக் கிளைகளை மட்டும் உள்ளே கை விட்டுக் கணுவுக்கு மேலே வெட்டுங்கள். மற்றதைத் தொடாதீர்கள், அடுத்த வருடம் அவற்றின் முறை.

பூத்த பிறகு

என் மரத்தில் முதல் பூ ஐந்தாம் வருடம், பங்குனியில். அதற்குப் பிறகு விட்டுவிட்டுப் பூக்கிறது. சில மாதம் கொத்துக் கொத்தாக, சில மாதம் ஒன்றிரண்டு.

பின்னேரம் 5 மணிக்குப் போய்ப் பார்த்தால் மொட்டுகள் சின்னத் தீக்குச்சி மாதிரி, சாம்பல் கலந்த வெள்ளையில், தலை உருண்டு நிற்கும். 6 மணி தாண்டியதும் தலை தளரும். விளக்கு வைத்துவிட்டு வரும்போது இரண்டொன்று விரிந்திருக்கும், எட்டு மணிக்கெல்லாம் கொத்து முழுக்க. அப்போதுதான் மணம் விறாந்தைக்கு வரும், அதுவும் ஒரே சீராக வராது, காற்று தணிகிற இடைவெளியில் வந்து வந்து போகும். விடியற்காலையில் போனால் மரத்தில் ஒன்றும் இருக்காது. எல்லாம் கீழே, மூடாக்கின் மேலே, குழல் மேலே பார்த்தபடி கிடக்கும்.

ஆகவே பறிக்கத் தேவையே இல்லை. படுக்கப் போகும்போது மரத்தின் அடியில் பழைய படுக்கைவிரிப்பு ஒன்றை விரித்துவிட்டால் காலையில் சாமிப் படத்துக்கு ஒரு தட்டுப் பூ சுத்தமாகக் கிடைக்கும். நாரில் தொடுக்கலாம், குழல் நீளம் என்பதால் குழந்தைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகியே மாலையாக்கிவிடுவார்கள். மத்தியானத்துக்குள் பழுத்துவிடும், அது வரைக்கும் மணம் இருக்கும்.

திருவிதாங்கூர்ப் பக்கத்தில் மாலையில் மெல்லிய மஸ்லின் துணியை மரத்தின் மேலே பூக்களில் படும்படி விரித்துவைத்து, இரவுப் பனியில் நனைந்த துணியைக் காலையில் பிழிந்து மணநீர் எடுத்துக் கடைத்தெருவில் விற்றார்கள் என்று 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளில் இருக்கிறது. நானும் விட்டுவைக்கவில்லை. மாசிப் பனி நன்றாக விழுகிற ஒரு இரவில் என் பழைய மல் வேட்டியை மரத்தின் மேலே போட்டேன். காலையில் பிழிந்தால் அரைக் கோப்பை. மணம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது, ஆனால் வேட்டியின் பெட்டி மணமும் அதோடு சேர்ந்து வந்தது. கூடவே ஏழெட்டு எறும்பு. புதுத் துணியைக் கழுவி, கஞ்சி போடாமல், வெயிலில் காயவைத்துச் செய்தால் இன்னும் நன்றாக வரும் என்று நினைக்கிறேன். அடுத்த மாசிக்கு இரண்டு முழம் மல் துணி வாங்கி வைத்திருக்கிறேன்.